சீட்டைத் தூக்காதீங்க

முருகா, செல்வி, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். அதனால் நான் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். நம்ம ஊர் மார்டள்ளியில் ஏழாவது வரைக்கும் படித்தவன் கையெழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் முருகன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது செல்வி, "அண்ணா, நீ உதைக்கிறப்ப உள்ள டிக்குனு ஒண்ணு கேக்குது" என்றாள். அதற்கு நீ என்ன சொன்னாய் முருகா? "உனக்கு வண்டியப் பத்தி என்னடி தெரியும்? போய் வேலயப் பாரு." நான் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபமே வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தது. உன்மேல் காட்ட வேண்டிய கோபம் ஒரு கைப்பிடிதான். பதினெட்டு வருஷமாக யார்மேலும் காட்டாமல் வைத்திருக்கிற கோபம் ஒரு மூட்டை இருக்கிறது. வாயைத் திறந்தால் ரெண்டும் சேர்ந்து உன் தலையில் விழுந்துவிடும் என்று பயந்தேன்.

நான் அப்போது மைசூர் மேட்டகள்ளியில் ஒரு பித்தளைக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே டெலிபோன் போர்டில் ஒரு அம்மா இருந்தார். கம்பெனி முழுக்க அவரைப் போர்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காலத்துப் போர்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பீரோ அளவுக்கு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளை. கீழே வால் வாலாக வயர். யார் யாரோடு பேச வேண்டுமோ அந்த வயரை அந்தத் துளையில் செருக வேண்டும். அக்கா காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதைத்தான் செய்வார்.

இடது காதில் அந்தக் கருவி அழுத்தும் என்று வலது காதில் மட்டும்தான் தோடு போடுவார். மற்றப் பெண்கள் இதைப் பார்த்து என்னென்னமோ பேசினார்கள். ஒரு நாள் கேன்டீனில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏன்க்கா, ஒத்தத் தோடோட இருக்கீங்க, இன்னொரு தோட்ட அடகு வச்சிட்டீங்களா?" அக்கா சிரிக்கவில்லை. "அந்தக் காது ஆபீஸோடது. வீட்டுக் காதுக்கு மட்டும்தான் நகை" என்றார்.

அவர் அப்பா ரயில்வேயில் இருந்தவர். யாதவகிரியில் வீடு. கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் ஒரே மூச்சில் வரும். ஆனால் பேச்சு கம்மி. அவர் வாயில் அடிக்கடி வருகிற ஒரே வார்த்தை, "கேட்டுட்டுச் சொல்லு." யார் எதைச் சொன்னாலும் இதுதான். மேனேஜர் போர்டுக்கு வந்து, "பெங்களூர் லைன் செத்துப்போச்சு போலிருக்கே" என்பார். "கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று வயரைச் செருகி, கண்ணை மூடி, ரெண்டு நிமிஷம் கேட்பார். "லைன் உயிரோட இருக்கு. அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிருக்காங்க. உங்களோட பேச வேணாம்னு." மேனேஜர் முகம் எப்படி இருந்திருக்கும்!

கம்பெனி டிஸ்பென்சரிக்கு வாரம் ஒரு நாள் டாக்டர் வருவார். அவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே ரத்த அழுத்தம் பார்ப்பார். எல்லாருக்கும் "நார்மல்" என்று எழுதுவார். ஒரு நாள் அக்கா கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துவிட்டு, "நார்மல்" என்றார். அக்கா கையை எடுக்கவே இல்லை. "நீங்க பேசிட்டே இருந்தீங்க டாக்டர். கேக்கவே இல்ல. இன்னொரு தரம் அடிங்க." வரிசையில் நின்ற நாங்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டோம். டாக்டர் இன்னொரு தரம் அடித்தார். நார்மல் இல்லை. அன்றையிலிருந்து அக்கா மாத்திரை சாப்பிட்டார்.

இந்த மாதிரி ஆளை யாருக்குப் பிடிக்கும் சொல்லுங்கள்? எனக்கே முதலில் பிடிக்கவில்லை.

கம்பெனி புதிதாக ஒரு குட்டி வேன் வாங்கி என் கையில் கொடுத்தது. காலையில் ஸ்டாஃபை ஏற்றி வர வேண்டும். முதல் ஆள் அக்கா. முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவார். அந்த வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். சீட்டைத் தூக்கினால் இன்ஜின். நான் பழகின லாரியில் இன்ஜினை ஆறவைக்கிற ஃபேனைப் பெல்ட் சுத்தும். இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும், அவ்வளவுதான். இதில் அப்படி இல்லை. ஃபேனுக்குக் கரண்டு மோட்டார். ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிற பக்குவத்துக்கு வரும்போதுதான் ஓடும். தண்ணீர் சூடாகிவிட்டது என்று சொல்ல இன்ஜினில் விரல் பருமனுக்கு ஒரு சென்சார். சென்சார் சொல்லும், ஃபேன் கேட்கும். வண்டி பழுது பார்க்கிற எங்கள் ஷெட்டில் எல்லாருக்கும் இது புதுசு.

முதல் சர்வீஸ் முடிந்து ஒரு வாரம் இருக்கும். கே.ஆர்.எஸ். ரோட்டு ரயில்வே கேட்டில் நிற்கிறோம். சூடு காட்டுகிற முள் மெள்ள மெள்ள ஏறிச் சிவப்புக்குப் போய்விட்டது. இன்ஜினை அணைத்தேன். ஆறவைத்து, ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். ஃபோர்மேன் சீட்டைத் தூக்கினார், ஓட விட்டார். முள் ஏறியது. ஃபேன் ஜம்மென்று சுத்தியது.

"என்னப்பா, காத்து அடிக்குதே? தண்ணி ஊத்தாம ஓட்டிட்டு வண்டி மேல பழி போடறியா?"

மூன்று நாள் கழித்து மறுபடியும் கேட்டில் அதே கதை. மறுபடியும் ஷெட்டில் ஃபேன் நல்லா ஓடியது. மோட்டாரை மாற்றினார்கள். ரேடியேட்டரைக் கழுவினார்கள். சென்சாரைக் கழற்றிக் கேன்டீனில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பேட்டரியும் பல்பும் வைத்துப் பார்த்தார்கள். பல்பு எரிந்தது. சென்சாரும் நல்லது. தசராக் கூட்டத்தில் மெட்ராஸ் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போனபோது, நடு ரோட்டில் ஆவி கிளம்பி, இன்ஜின் மூடிக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் தகடு போய்விட்டது. முதலாளி வீட்டு விருந்தாளிகள் ரோட்டில் இறங்கி நடந்தார்கள்.

ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மோட்டார் நல்லாருக்கு. சென்சார் நல்லாருக்கு. ரேடியேட்டர் நல்லாருக்கு. வண்டியில கோளாறே இல்ல. டிரைவர்லதான் கோளாறு."

எனக்கு மெமோ வந்தது. இன்னொரு தரம் வண்டி கொதித்தால் வேலை இல்லை என்று எழுதியிருந்தது. முருகா, நீ அப்போது உன் அம்மா வயிற்றில் ஏழு மாசம். வாடகை வீடு. ஊரில் நிலமும் இல்லை. வேலை போனால் எங்கே போவது என்று ராத்திரி பகல் அதுவே நினைப்பு. கேட்டு மூடியிருந்தால் போதும், என் கண் முள்ளைவிட்டு நகராது.

கேஸ்கட் மாற்றி வண்டி திரும்பி வந்த மறுநாள் காலை கேட்டில் நிற்கிறோம். அக்கா திடீரென்று, "இன்னிக்கும் அது பேசல" என்றார்.

"எதுங்கக்கா?"

"கால்கிட்ட உம்முனு வருமே, அது. உன் ஃபேன்."

"ஷெட்ல நல்லாத்தாங்க ஓடுது."

"நான் ஷெட்டக் கேக்கல. இங்க கேட்டியா நீ?"

நான் கேட்கவில்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. தண்டவாளத்தில் வண்டி ரெண்டு குதி குதித்தது. உம்மென்று ஃபேன் வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் வெளியூர்ப் பேச்சைக் குறிக்கிற ட்ரங்க் கால் காகிதச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் என்னமோ குறிப்பார். எனக்கு எரிச்சல். என் வேலை போகிற நேரத்தில் இந்தம்மா கணக்கு எழுதுகிறாரே என்று. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சீட்டுகளை மடியில் பரப்பிக்கொண்டு கேட்டார்:

"நின்னா வரல. ஓடினா, அதுவும் பள்ளத்துல விழுந்தா, வருது. ஷெட்ல வண்டி நிக்குதா ஓடுதா?"

"நிக்குதுங்க."

"நின்னா வரக்கூடாதே. ஷெட்ல மட்டும் எப்படி வருது?"

"தெரியலீங்களே அக்கா."

"ஷெட்ல முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"சீட்டத் தூக்குவாங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணுவாங்க."

"ஹௌதா?" என்றார். அப்படியா என்று அர்த்தம். அவர் கன்னடத்துக்குப் போனால் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "சீட்டத் தூக்காம யாராவது பாத்திருக்காங்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சீட்டைத் தூக்காமல் இன்ஜினை எப்படிப் பார்ப்பது? மைசூரில் எந்த மெக்கானிக்கும் முதலில் செய்வது அதைத்தானே? ஆனால் அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போய் ஃபோர்மேனிடம் சொன்னார்: "ஒரு தரம் சீட்டத் தூக்காம ஓட விட்டுப் பாருங்க. மோட்டார் நல்லாருக்கு, சென்சார் நல்லாருக்குன்னா, நடுவுல வயர் ஒண்ணு இருக்குல்ல? ரெண்டு ஊர்லயும் டெலிபோன் நல்லாருந்தும் பேச்சு வரலன்னா நான் லைனத்தான் பாப்பேன்."

ஃபோர்மேன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "மேடம், ஹலோ ஹலோன்னு சொல்றது உங்க வேல. அதப் பாருங்க. நாளைக்கு நான் வந்து உங்க போர்டுல உக்காரட்டுமா?" என்றார். ஷெட்டே சிரித்தது. ஒருவன், "உக்காருங்கண்ணே, ஆனா ஒரு தோட்டக் கழட்டிட்டு உக்காருங்க" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நானும் அங்கேதான் நின்றேன். நானும் பல்லைக் காட்டினேன் பிள்ளைகளா. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை அரை நாள். எல்லாரும் போன பிறகு அக்கா போகாமல் நின்றார். "வண்டிய காம்பவுண்டு ஓரத்துல நிறுத்து. ஓட விடு. கை வைக்காத" என்றார். வண்டி நின்றபடி ஓடியது. முள் ஏறியது. ஃபேன் வரவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. இன்னும் கொஞ்சம் போனால் கொதித்துவிடும், அதோடு என் வேலை முடிந்தது. சீட்டைத் தூக்கக் கை போனது.

"சும்னிரப்பா! தூக்காத!" சும்மா இருப்பா என்று கன்னடத்தில் ஒரு அதட்டு.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தம்மா தரையில் முழங்கால் போட்டார். முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார். கையில் ஆபீஸ் மர ஸ்கேல். அதை உள்ளே நீட்டி எதையோ மெதுவாகத் தள்ளினார்.

உம்மென்று ஃபேன் வந்தது.

ஸ்கேலை எடுத்தார். நின்றது. தள்ளினார். வந்தது. நாலு தரம் இப்படி.

"வா, வந்து நீயே பாரு."

பார்த்தேன். சென்சாரில் மாட்டுகிற வயரின் முனை விரிந்து, தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வயர் சூட்டுக் குழாயில் படாமலிருக்க யாரோ ஒரு துணிக் கிழிசலால் அதைச் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சீட்டைத் தூக்கினால் வயர் மேலே இழுபடும், முனை போய் ஒட்டும், ஃபேன் ஓடும். சீட்டை இறக்கினால் விட்டுப்போகும். பார்ப்பதற்காகத் தூக்குகிற அந்த நிமிஷமே கோளாறு சரியாகிவிடும். சீட்டை இறக்கி மூடினதும் பழையபடி ஆகிவிடும். முதல் சர்வீஸில் ஷெட்டில் கட்டிய கட்டு அது. ஷெட்டின் எண்ணெய்த் துணிதான், எனக்குத் தெரியாதா?

அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "என் போர்டுலயும் இதே திருட்டுத்தனந்தான். கை வச்சா நல்ல புள்ள, கைய எடுத்தா ஊமை" என்றார். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா நேராக மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. வயர் இப்படி இருக்கிறது, டிரைவர் மேல் தப்பில்லை, இவ்வளவுதான். அதற்குள் விஷயம் காதில் விழுந்து ஃபோர்மேன் போய்க் கட்டை அவிழ்த்து, முனையை நெருக்கி மாட்டி, வண்டிப் புத்தகத்தில் 'வயர் கோளாறு ஷெட்டில் கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கூசாமல் எழுதினார். மோட்டாரையும் ரேடியேட்டரையும் பிரித்துப் போட்டு, என்னை வீதிக்குத் தள்ளப் பார்த்த அதே கையால் எழுதினார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஃபோர்மேனும் அங்கே இருந்தார்.

"பாருப்பா, ஷெட்ல கண்டுபிடிச்சிட்டாங்க. உன் மெமோவ இப்பவே கிழிச்சிடறேன். ஆனா அந்தம்மா ஏதோ வேற மாதிரி சொல்றாங்க. அது நெஜம்னா, யாரக் கேட்டு கம்பெனி வண்டில கை வச்சீங்கன்னு உன்னயும் விசாரிக்கணும். நீ என்ன சொல்ற?"

ஃபோர்மேன், "வீட்ல பிரசவ நேரம் வேற" என்றார். ரொம்ப அக்கறையாக.

காகிதத்தை முன்னால் நீட்டினார்கள். சனிக்கிழமை வண்டியை யாரும் திறக்கவில்லை, யாரும் தொடவில்லை, பழுதைக் கண்டுபிடித்தது ஷெட்தான் என்று அதில் இருந்தது. எழுத்துக் கூட்டி முழுசும் படித்தேன். புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் என் மெமோவை ரெண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மத்தியானம் போர்டு அக்காவுக்கு மெமோ போனது. அதிகாரிகளிடம் பொய் சொன்னதாக. பெண் ஸ்டாஃப் இனிமேல் கம்பெனி வண்டியில் முன் சீட்டில் உட்காரக் கூடாது என்று நோட்டீசும் ஒட்டினார்கள். பின் சீட்டு எல்லாம் ஆபீஸர்களுக்கு. அப்படியென்றால் அவருக்கு வண்டியே இல்லை என்று அர்த்தம். உண்மையைக் கேட்ட காதுக்கு அவர்கள் கொடுத்த சம்பளம் அது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. இருபது வருஷ சர்வீஸ் போட்ட ஃபோர்மேனுக்கு ஒரு பொம்பளை குனிந்து பார்த்தாள் என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. படித்த மேனேஜருக்கு ரெண்டு பேரையும் வண்டிப் பக்கம் கூட்டிப்போய் ஒரு தரம் விசாரிக்கத் தோன்றவில்லை. சரி, அவர்களைத் திட்டி என்ன? அந்தக் காகிதத்தில் இருந்த கையெழுத்து யாருடையது?

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கை தன்பாட்டில் வண்டியை யாதவகிரிப் பக்கம் திருப்பிவிட்டது. அக்கா பஸ் ஸ்டாப்பில் டிபன் பையோடு நின்றிருந்தார். நிறுத்தினேன். இறங்கினேன்.

"போப்பா, நேரமாகுது. நான் பஸ்ல வரேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம், "ஃபேன் வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்கக்கா."

"கேட்டுட்டுத்தான் சொல்றியா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தார், தானாக ஓடுகிற போர்டு வந்து அவரை அனுப்புகிற வரைக்கும். என்னைக் கண்டால் ஒதுங்கவும் இல்லை, நின்று பேசவும் இல்லை. வீட்டில் சௌக்கியமா என்று கேட்பார், அவ்வளவுதான். நீ பிறந்தபோது முருகா, யார் கையிலோ ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தனுப்பினார். அதை உன் தலையில் வைக்கும்போதெல்லாம் எனக்கு நெருப்பை வைக்கிற மாதிரி இருக்கும்.

அவர் பஸ்ஸில் போகத் தொடங்கிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு வண்டி கழுவுகிற முறை. ஷெட்டில் ஒரு ஆள் இல்லை. வண்டியைக் கழுவி முடித்துவிட்டு, ஃபோர்மேன் அறைக்குள் போய் வண்டிப் புத்தகத்தை எடுத்தேன். அவர் எழுதிய வரிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. என் ஏழாம் வகுப்பு எழுத்தில், மேலே உள்ளது பொய் என்று எழுதினேன். சனிக்கிழமை மத்தியானம் சீட்டைத் தூக்காமல் பார்த்துக் கண்டுபிடித்தது யார் என்று, அக்காவின் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதினேன். வயரைச் சீட்டோடு கட்டியது ஷெட் என்றும் எழுதினேன். நான் பயந்து பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதி, அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டேன். பிறகு புத்தகத்தை மூடாமல், அந்தப் பக்கம் விரிந்தபடியே, அவர் நாற்காலிக்கு நேராக மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.